சேற்றிலிருந்து யார் யாரை இழுத்தது

மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிடைத்தது. உன் அம்மா சுகம். என் முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கு விடுகிறது. மற்றபடி உடம்புக்குக் குறையில்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து, ஊசிப்போன குழம்பை ஒரு வாய் விழுங்கிவிட்டவன்போல இருக்கிறேன். காப்பி குடித்தும் போகவில்லை, வெற்றிலை போட்டும் போகவில்லை. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். மூன்றரைப் பக்கம் பந்தலைப் பற்றியும் மேளத்தைப் பற்றியும், கிள்ளானில் நம் ஆட்களை எங்கே தங்கவைப்பது என்பதைப் பற்றியும். கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறாய். காத்தமுத்து மாமா வீட்டாரை முகூர்த்தத்துக்குக் கூப்பிட வேண்டாம், பெண் வீட்டார் சங்கடப்படுகிறார்கள், கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து நம் வீட்டில் அவர்களுக்குத் தனியாக ஒரு சாப்பாடு போட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். மாமாவின் மகன் ரத்தினத்திடம் நீ இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றும், நானே அவன் அப்பாவிடம் போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்றும் முடித்திருக்கிறாய். கீழே 'தங்கள் அன்புள்ள மகன்' என்று அழகாகக் கையெழுத்து.

முதலில் எனக்கு உன் மாமனாராக வரப்போகிறவர்மேல்தான் வெறுப்பு வந்தது. நிச்சயத்தன்று அவர் ரத்தினத்தைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. பையன் எந்த ஊர், அப்பாவுக்கு என்ன வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விடை கிடைத்ததும் தன் நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டார். பிறகு உன்மேல் வந்தது. போன வருஷம் நீயும் ரத்தினமும் போர்ட் டிக்சனுக்குச் சைக்கிளிலேயே போய், கடற்கரையில் இரண்டு நாள் கூடாரம் போட்டுக் கிடந்துவிட்டு, கறுத்துப்போய்த் திரும்பிவந்தீர்கள். வாசலில் நின்றுகொண்டு உன் அம்மாவிடம், "என் கல்யாணத்துல என் பக்கத்துல நிக்கப்போறது இவன்தாம்மா" என்று நீதான் சொன்னாய். அந்தப் பையன் அதை நம்பிக் கோட்டுத் தைத்து வைத்திருக்கிறான். நீ ஈப்போவில் உட்கார்ந்துகொண்டு அரைப் பக்கத்தில் அவனைத் துடைத்துப் போட்டுவிட்டாய். ஆனால் கடிதத்தை மூன்றாம் தடவை படித்தபோது, 'பக்குவமாக' என்ற அந்த ஒரு சொல்லில் என் கண் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு உன்மேலும் அவர்மேலும் இருந்த வெறுப்பெல்லாம் திரும்பி என்மேலேயே வந்து விழுந்தது. அந்தச் சொல் என்னிடமிருந்து உனக்கு வந்தது. அதை எங்கே, எப்படிச் செய்து பழகினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதம் நீளும். பொறுமையாகப் படி.

சின்ன வயதிலிருந்து நீ கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. அப்பாவும் காத்தமுத்து மாமாவும் இளைஞர்களாக இருந்தபோது மோரிப் கடற்கரைக்குச் சைக்கிளில் போனது, திரும்பும் வழியில் மாமா சேற்றில் புதைந்துபோனது, அப்பா அவரை இழுத்துக் கரையேற்றியது. பள்ளிக்கூடத்தில் அதை எழுதி வாத்தியாரிடம் நல்ல பெயர்கூட வாங்கினாய். வீட்டுக்கு யார் வந்தாலும், "அப்பா, அந்தச் சேத்துக் கதைய சொல்லுங்க" என்பாய். நானும் சொல்வேன். காத்தமுத்து பல தடவை அங்கேயே, நம் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். மகனே, அந்தக் கதை பொய். சேற்றில் புதைந்தவன் நான். இழுத்தவன் அவன்.

நானும் அவனும் நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில் ஏறியவர்கள். மேல்தட்டில் பக்கத்துப் பக்கத்துப் பாய். ஏழு நாளும் இரண்டு பேரும் மாறி மாறி வாந்தியெடுத்தோம். நான் தலை தூக்க முடியாமல் கிடந்தபோது, அவன் தன் தகரக் குவளையில் கஞ்சி வாங்கிவந்து எனக்குப் புகட்டினான். மூன்றாம் நாளே அவன் தன் ஊரையும் சேரியையும் மறைக்காமல் சொல்லிவிட்டான். கப்பலில் அது எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. கோலாலம்பூர் வந்து நான் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஆனேன், அவன் செந்தூல் பட்டறையில் பிட்டர் வேலைக்குச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சந்திப்போம். ஊர் சுற்றுவது என்றால் இரண்டு பேருக்கும் பைத்தியம். பத்துமலைக் குன்றில் படியில்லாத பக்கமாக ஏறியிருக்கிறோம். கைவிட்ட ஈயச் சுரங்கக் குட்டைகளில் நீந்தியிருக்கிறோம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆளுக்கொரு பழைய சைக்கிள் வாங்கினோம். சீனப் பெருநாளுக்கு மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல வந்தது. மோரிப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவது என்று கிளம்பினோம். நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

போகிறபோது நன்றாகவே போனோம். கிள்ளான் வரை செம்மண் ரோடு, இரண்டு பக்கமும் ரப்பர். அதற்கப்பால் மலாய்க்காரர்களின் சிற்றூர்களான கம்பங்கள், தென்னந்தோப்பு, லங்காட் ஆற்றைக் கடக்கப் படகு. ஒரு கம்பத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மலாய்க்காரர் எங்களைக் கூப்பிட்டுத் தன் வீட்டில் உட்காரவைத்து, சோறும் கருவாடும் ஒரே தட்டில் வைத்தார். இருவரும் அந்தத் தட்டிலேயே சாப்பிட்டோம். அவர் எங்களைக் கேட்டதெல்லாம், சைக்கிளில் இவ்வளவு தூரம் வருவதற்கு உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்பதுதான். மோரிப் கடலைப் பார்த்ததும் காத்தமுத்து சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு ஓடிய ஓட்டம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மறுநாள் முழுக்க அங்கேதான் கிடந்தோம்.

திரும்புகிற வழியில், கிள்ளானுக்கு எட்டு ஒன்பது மைல் இருக்கும்போது, எனக்குத்தான் அந்தக் கோணல் புத்தி வந்தது. ரோட்டை விட்டு எஸ்டேட் பாதையில் இறங்கினால் கேரி தீவுக்கு எதிர்க்கரை வரும், அங்கேயிருந்து கரையோரமாகவே போய்விடலாம் என்று ஆபீசில் யாரோ சொல்லியிருந்தார்கள். காத்தமுத்து வேண்டாம் என்றான். நான் கேட்கவில்லை. பாதை உப்புத்தண்ணீரில் வேரூன்றி நிற்கும் பாக்காவ் மரக்காட்டில் போய் முடிந்தது. அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் பளபளவென்று சேறு. கடல் வற்றியிருந்த நேரம். தூரத்தில் மறுபடி மரங்கள் தெரிந்தன, அதுவரை நடந்துவிடலாம் என்று நினைத்தேன். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, தரை தாங்குகிறதா பார்க்கிறேன் என்று முன்னால் போனேன். முப்பது நாற்பது அடி தாங்கியது. பிறகு ஒரு கால் முழங்கால் வரை இறங்கியது. அதை இழுக்க மறு காலை ஊன்றினேன். இரண்டும் போயின. நான் உதறிக்கொள்ள உதறிக்கொள்ள இடுப்பு வரை இறங்கிவிட்டேன்.

அந்தச் சேற்றின் நாற்றத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அழுகிய முட்டையும் செத்த மீனும் சேர்ந்த நாற்றம். உதறும்போது வாயிலும் தெறித்தது. என் தொடையில் ஏதோ சிறிய ஜந்துக்கள் ஊர்வது தெரிந்தது. நான் அங்கேயே வாந்தியெடுத்தேன், அது என் நெஞ்சுக்கு முன்னாலேயே கிடந்தது. கடல் திரும்பி ஏற ஆரம்பித்திருந்தது. நுரை கட்டிய தண்ணீர் விரல் விரலாக என்னை நோக்கி வந்தது. நான் கத்தினேன். என்னென்னவோ சொல்லி அழுதேன். உன்னிடம் கதையில் காத்தமுத்து அழுததாகச் சொன்னேனே, அவையெல்லாம் என் வாயிலிருந்து வந்தவை.

அவன் கத்தவில்லை. "அசையாத. கைய மட்டும் பரப்பி வச்சுக்க. இந்தா வரேன்" என்றான். தன் சைக்கிளைத் தூக்கிவந்து சேற்றின்மேல் படுக்கவைத்தான். அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, இடுப்பு வேட்டியை அவிழ்த்து முறுக்கி என்னிடம் வீசினான். அரை மணி நேரமோ, ஒரு மணி நேரமோ, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு அங்குலமாக இழுத்தான். அவன் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. என் இடுப்பு வெளியே வந்தபோது தண்ணீர் அவன் தாடையில் இருந்தது. இருவரும் பல்லிபோல ஊர்ந்து மரத்தடிக்கு வந்து சேர்ந்தோம். திரும்பிப் பார்த்தால் அவன் சைக்கிளின் கைப்பிடி மட்டும் சேற்றுக்கு மேலே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை. "போனா போகுது லா. நீ எந்திரி" என்றான்.

இதுவரை சொன்னது நடந்ததில் பாதி. மீதிப் பாதியை நேற்றுவரை நான் யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை.

என் சைக்கிள் ஒன்றை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு சாயங்காலம் கிள்ளான் போய்ச் சேர்ந்தோம். உடம்பெல்லாம் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அங்கே என் சித்தி வீடு இருந்தது. சித்தப்பாவுக்கு மளிகைக் கடை, கடைக்குப் பின்னால் வீடு. சித்தி என்னைப் பார்த்ததும் பதறிப்போய் வெந்நீர் வைக்க ஓடினாள். சித்தப்பா வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தார்.

"கூட வந்தது யாரு?" என்றார்.

நான், "ரயில்வே பட்டறையில வேலை செய்யற ஆளு" என்றேன். சிநேகிதன் என்று சொல்லவில்லை. உயிரைக் காப்பாற்றினான் என்றும் சொல்லவில்லை. அந்த வார்த்தை வாயில் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, நான் விழுங்கினேன்.

"எந்த ஊரு?"

சொன்னேன். ஊரைச் சொன்னதும் அவர் தெருவைக் கேட்டார். என் மௌனத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "நீ உள்ள வந்து குளி. அந்த ஆளப் பின்பக்கமா மாட்டுக் கொட்டாய்க்குப் போகச் சொல்லு. சோறு அனுப்பறேன்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. காத்தமுத்து பத்தடி தள்ளி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் காதில் விழவில்லை என்று நினைத்தேன்.

நான் அவனிடம் போய்ப் பக்குவமாகச் சொன்னேன். வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது, வெளியார் உள்ளே வரக்கூடாதாம், பின்னால் கொட்டகையில் காற்றோட்டமாக இடம் இருக்கிறது என்றேன். "யாருக்கு?" என்று கேட்டான். "சின்னவளுக்கு. கோமதி" என்றேன். சித்தியின் கடைசிப் பெண்ணின் பெயர் அது. "அடப் பாவமே" என்றான். அவ்வளவுதான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் போனான்.

நான் வெந்நீரில் குளித்தேன். சித்தி எனக்கு ஆட்டுக்கறி வைத்து, நெய் ஊற்றினாள். அவனுக்குத் தண்ணீரை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தூக்கி ஊற்றியதையும், அவன் தோலுரிந்த கைகளைக் குவித்துக் குடித்ததையும் நான் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். இரண்டாம் தடவை சோறும் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ அசிங்கங்களைப் பார்த்திருக்கிறேன். அன்று நான் சாப்பிட்ட சாப்பாட்டைவிட அசிங்கமானது ஒன்றையும் பார்க்கவில்லை. அந்தக் கறியின் ருசி நன்றாக இருந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னைக் குமட்டவைக்கிறது.

காலையில் எழுந்து பின்பக்கம் போனபோது அவன் இல்லை. என் சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, சுவரில் சாய்த்துவைத்திருந்தான். கோலாலம்பூருக்கு நடந்தே போயிருக்கிறான். அவன் படுத்திருந்த இடத்தைச் சித்தி சாணம் போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள். "அந்தச் சிரட்டையக் கொஞ்சம் தூக்கி எறிஞ்சிடுப்பா" என்றாள். நான் எடுத்து வேலிக்கு வெளியே எறிந்தேன். அப்போது சித்தப்பா பல் துலக்கிக்கொண்டே, சேற்றில் என்ன ஆயிற்று என்று கேட்டார். என் நாக்கு தானாகவே புரண்டது. "அவன் மாட்டிக்கிட்டான், நான் இழுத்துப் போட்டேன்" என்றேன். அவர் என் முதுகில் தட்டி, "உனக்கு இளகின மனசு" என்றார். அந்தக் கதை பிறந்த இடம் அதுதான். பல் துலக்கும் கிணற்றடியில், ஒரு பாராட்டுக்காக.

பிறகு மூன்று வாரம் காத்தமுத்து என் கண்ணில் படவில்லை. நானும் தேடிப் போகவில்லை. நாலாவது ஞாயிற்றுக்கிழமை, பாசாரில் எதிரே வந்தான். "என்ன கிராணி, செயின் சரியா ஓடுதா?" என்றான். அதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன். அன்றிலிருந்து இன்றுவரை கிராணிதான். அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. மறுபடி ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்தோம். கோலசிலாங்கூர் மலை, உலு கோம்பாக் காடு, மறுபடி மறுபடி கடற்கரை. இருபது வருஷத்துக்கு மேல். ஆனால் வழியில் யார் வீட்டிலும் தங்க அவன் சம்மதித்ததில்லை. தன் சாப்பாட்டைத் தானே தூக்குச்சட்டியில் கொண்டுவருவான். நம் வீட்டுக்கு வந்தால் வாசற்படியோடு சரி. உன் அம்மா அவனுக்கென்று ஒரு தம்ளர் தனியாக வைத்திருந்தாள், நான் அதைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அவன் சுபாவம் அப்படி, கூச்சப்படுகிறவன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். கடைசியில் நானே அதை நம்பியும்விட்டேன்.

ஐந்து வருஷம் முன்னால் உலு கோம்பாக்கில் ஓர் ஓடைக்கரையில் இருவரும் உட்கார்ந்து காலிலிருந்து அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் தலையும் நரைத்துவிட்டது. அன்றைக்கு ஏனோ கேட்டுவிட்டேன்.

"கிள்ளான்ல சித்தி வீட்ல நடந்தது நெனப்பு இருக்கா?"

"இருக்கு."

"சித்தப்பா சொன்னது காதுல விழுந்துச்சா?"

"இல்ல. விழுந்திருந்தா நல்லது. அவரு வெளிய போடான்னு சொல்லிருந்தா நான் போயிருப்பேன். அந்த மாதிரி எத்தன வீடு பாத்திருக்கேன். நீ வந்து புள்ளைக்கு அம்மைன்ன. பேரு வேற சொன்ன. நான் அந்தக் கோமதிப் புள்ளைய நெனச்சுக்கிட்டே படுத்திருந்தேன், சின்னப் புள்ள தாங்குமான்னு. விடிஞ்சு பாக்கறேன், கிணத்தடியில அம்மாக்காரி கோமதி கோமதின்னு கூப்பிடுறா, அது குதிச்சு வெளையாடிக்கிட்டு இருக்கு." ஓர் அட்டையைக் கல்லில் தேய்த்தான். "அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. உன்னப் பாத்துதான் ஒமட்டுச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அப்புறம் ஏன் என்கூடப் பழகின?" என்று கேட்டேன். உயர்வாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"காட்டுக்குப் போக ஆள் வேணும்ல. நீ நல்லா நடப்ப, சலிச்சுக்க மாட்ட. வெளியில நீ நல்ல ஆளு கிராணி. வீட்டு வாசல் வந்தாத்தான் வேற ஆளாயிடுற."

"கதையையும் மாத்திச் சொன்னேன். நீ பக்கத்துலயே உக்காந்திருந்த. ஏன் ஒண்ணும் கேக்கல?"

"உன் மகன் உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தான். அவன் முன்னால எப்படிச் சொல்றது?"

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. அதன்பிறகாவது உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ பெரியவனாகிவிட்டாய், இனிமேல் அந்தக் கதையைக் கேட்கமாட்டாய், அதுவாகவே மறந்துபோகும் என்று விட்டுவிட்டேன். கதை மறந்துபோயிருக்கலாம். கதையை எப்படிச் சொல்வது, ஆளை எப்படி விலக்குவது என்பதை மட்டும் நீ நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறாய். என் கையெழுத்தில் நானே எழுதியதைப்போல இருக்கிறது உன் அரைப் பக்கம். தனியாக ஒரு சாப்பாடு என்கிறாயே, அது என் மாட்டுக் கொட்டகையைவிட எந்த விதத்தில் மேல் என்று நீயே சொல்லு.

நேற்று சாயங்காலம் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு செந்தூலுக்குப் போனேன். காத்தமுத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். ரத்தினம் வேலை முடிந்துவந்து குழாயடியில் கைக்கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் உட்காரவில்லை. "என் மகன் எழுதியிருக்கான். உங்களக் கல்யாணத்துக்குக் கூப்பிட வேணாமாம். பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு உங்க ஜாதி ஆகலையாம். பக்குவமா சொல்லச் சொல்லியிருக்கான். எனக்கு இனிமே அது வராது, அதான் இப்படியே சொல்றேன்" என்றேன். அரைப் பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ரத்தினம் அதை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அவன் கையெழுத்தா மாமா?" என்று கேட்டான். கடிதத்தை வாங்கி அவனே ஒரு தடவை படித்தான். மடிப்பு மாறாமல் மடித்து என்னிடம் கொடுத்தான். "என்கிட்ட சொல்லியிருந்தா நானே வரலன்னு சொல்லிருப்பேனே" என்றான். சொல்லிவிட்டு உள்ளே போனவன் நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

காத்தமுத்து கடைசிக் காயையும் நறுக்கி முடித்தான். "எழுதினது அவன். நீ எதுக்கு வந்த? அவன வரச் சொல்லு" என்றான்.

அவன் மனைவி, வழக்கம்போல, "சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றாள். இருபது வருஷமாகக் கேட்கிறாள். இருபது வருஷமாக, இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லிவந்திருக்கிறேன். நேற்று உட்கார்ந்தேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். உனக்கு இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்: சோற்றில் வைக்கப்போன என் கை ஒரு கணம் தயங்கியது. இத்தனை நடந்த பிறகும், இத்தனை வெட்கப்பட்ட பிறகும், தயங்கியது. அவள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கையைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். சாப்பிட்டதால் எதுவும் சரியாகிவிடவில்லை. ஒரு வேளைச் சோற்றால் சரியாகிற விஷயமும் இல்லை இது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கிள்ளான் விஷயம் முழுவதையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "தெரியுமே" என்றாள். காத்தமுத்து மனைவி பத்துப் பதினைந்து வருஷம் முன்னாலேயே சொல்லிவிட்டாளாம். ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். "கேட்டா இன்னொரு கதை சொல்லியிருப்பீங்க" என்றாள். அந்தத் தம்ளரைப் பற்றிக் கேட்டேன். "நீங்க ஒண்ணும் சொல்லல. நானும் வச்சேன்" என்றாள். இந்த வீட்டில் மூன்று பேருக்கும் இதில் பங்கிருக்கிறது. உன் பங்கை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உன் மாமனாருக்கு இன்று காலையில் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். பந்தியில் என் பக்கத்து இலை காத்தமுத்துவுக்கு, அது முடியாது என்றால் எனக்கும் இலை வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். அதனால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பதறாதே. அப்பா இல்லாமல் எத்தனையோ கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. பெண் நல்ல பெண். அவளுக்கு இந்தச் செய்தி எதுவும் தெரியாது என்றே நினைக்கிறேன். அவளிடமும் நீதான் சொல்ல வேண்டும், உள்ளது உள்ளபடி. அம்மை, தலைவலி, இடமில்லை என்று கதை கட்டாதே. நான் கட்டிப் பார்த்திருக்கிறேன். அது கட்டியவனை விட்டுப் போகாது.

ரத்தினத்துக்குச் சனிக்கிழமை ஒரு மணிக்கு வேலை விடும். வெள்ளிக்கிழமை ரயிலில் ஏறினால் நீ வந்துவிடலாம். நேராக நம் வீட்டுக்கு வராதே, செந்தூலுக்குப் போ. நான் கூட வரமாட்டேன், உன் அம்மாவும் வரமாட்டாள். அவன் எதிரில் நின்று, வா என்றோ, வராதே என்றோ, உன் வாயால் சொல்லு. வராதே என்றால் ஏன் என்றும் சொல்லு. சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிடாதே. அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நில்.

காத்தமுத்து தன் குடும்பத்தோடு வருவதாக என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்டேன், அவன் நறுக்கிய காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நீ போய்க் கூப்பிட்டாலும் அவர்கள் வராமல் இருக்கலாம். அதையும் தெரிந்துகொண்டு ரயிலேறு.

உன்னைப் பெற்றவன்.